புதைபடிவம் விலைக்கு வந்தால்: போலியைக் கண்டுபிடிக்க வேலூர் வட்டாரத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோயில் வாசலில் விரித்த துணி, பொருட்காட்சிக் கடை, கைபேசி விளம்பரம் என்று பல வழிகளில் புதைபடிவங்கள், அதாவது பழங்கால உயிர்கள் பாறையில் விட்டுப்போன தடயங்கள், விலைக்கு வருகின்றன. நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட், மரவட்டை போல வரிவரியான ட்ரைலோபைட், கல்மரத் துண்டு, ஆம்பர் என்னும் இறுகிய பழங்கால மரப்பிசினுக்குள் அகப்பட்ட பூச்சி, டைனோசர் முட்டை, சாளக்கிராமம். இவற்றில் அசலும் உண்டு, அச்சில் வார்த்ததும் உண்டு, அசல் துண்டோடு போலித் துண்டை ஒட்டியதும் உண்டு. இந்த மூன்றாவது வகைதான் விவரம் தெரிந்தவர்களையே கவிழ்த்துவிடும். 1999-ல் சீனாவிலிருந்து வந்த 'ஆர்க்கியோராப்டர்' பறவைக்கும் டைனோசருக்கும் நடுவிலான உயிரினம் என்று உலகப் புகழ் பெற்றது. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பறவை உடம்பில் வேறொரு சிறு டைனோசரின் வாலை ஒட்டியிருந்தது தெரிந்தது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பொருளுக்குச் சேதம் வராத சோதனைகள் முதலில், கீறலும் சூடும் கடைசியில்.

முதல் படி: கல்லைப் பார்க்கும் முன் ஊரைக் கேளுங்கள்

"இது எங்கே கிடைச்சது அண்ணே?" என்று கேளுங்கள். "ஜவ்வாது மலையிலதான் சார், நம்ம ஆளுங்க தோண்டும்போது கிடைச்சது" என்று பதில் வந்தால் வேறு சோதனையே வேண்டாம், அது புதைபடிவம் இல்லை.

காரணம் நம் காலடியிலேயே இருக்கிறது. வேலூரைச் சுற்றி நிற்கும் மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை; பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து உருமாறியவை. ஏலகிரி சயனைட் பாறை, உருகிய குழம்பு இறுகி உண்டானது. ஓடும் எலும்பும் கொண்ட உயிர்கள் கடலில் பெருகியதோ ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறையில்தான் புதைபடிவம் தங்கும். அந்த வகைப் பாறையைப் பார்க்க நாம் கிழக்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே களிப்பாறையில் இலைப் பதிவுகள் உண்டு.

நம் பகுதியில் புதைபடிவம் என்று தவறாக நம்பப்படும் பொருட்கள் மூன்று. எடுத்து வருபவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரே நம்பித்தான் கொண்டு வருவார்.

ஒன்று, உருண்டைக் கல். கருங்கல்லும் டோலரைட்டும் வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். உள்ளே மிஞ்சும் உருண்டையைச் சுற்றி ஓடு மாதிரி ஒரு பட்டை நிற்கும். பார்க்க முட்டை போலவே இருக்கும். பட்டையை உடைத்துப் பாருங்கள்: பட்டையிலும் உள்ளேயும் ஒரே வகை மணிகள் தெரிந்தால் அது பாறைதான். முட்டை ஓடாக இருந்தால் ஓட்டின் அமைப்பு வேறு, உள்ளே நிறைந்த மண் வேறாக இருக்கும்.

இரண்டு, கல்லின் மேல் பெரணிச் செடி. பாறை வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மாங்கனீசுத் தாதைக் கருப்பாகக் கிளை கிளையாகப் படியவைக்கும். நடுநரம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இலையாக இருந்தால் நடுநரம்பும், அதிலிருந்து ஒரே ஒழுங்கில் பிரியும் பக்க நரம்பும் இருக்கும். தாதுப் படிவில் கிளைகள் மனம்போன போக்கில் பிரியும்; வெடிப்பு முடிகிற இடத்தில் சட்டென்று நின்றுவிடும்.

மூன்று, பாலாற்றங்கரையிலும் வயல்வரப்பிலும் கிடைக்கும் சுக்கான்கல். வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து குழாய் குழாயாக, அசல் எலும்பு மாதிரியே இருக்கும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். லென்ஸில் பார்த்தால் எலும்புக்கு உரிய நுண்துளை வலை இருக்காது.

தமிழ்நாட்டில் புதைபடிவத்துக்குப் பெயர் பெற்ற இடங்கள் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி, விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை. திருவக்கரை கல்மரங்கள் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் பாதுகாப்பில் உள்ள தேசியப் பூங்காவில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக்கூடாது. ஆகவே "திருவக்கரை கல்மரம்" என்று யாராவது விற்றால் அது பொய்யாக இருக்கும், அல்லது திருட்டாக இருக்கும். இரண்டில் எதுவானாலும் வாங்காதீர்கள். அரியலூர்ப் பக்கத்து அம்மோனைட் பெரும்பாலும் மண்நிறத்தில், மங்கலாக, ஓடு போய் உள்வார்ப்பு (ஓட்டுக்குள் நிறைந்து இறுகிய மண்) மட்டும் மிஞ்சியதாக இருக்கும். வானவில் நிறத்தில் மின்னுவதையோ, இரண்டாக அறுத்துப் பளபளவென மெருகேற்றியதையோ காட்டி "அரியலூர்" என்றால் நம்பாதீர்கள். அவை பொதுவாக மடகாஸ்கர் சரக்கு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே டைனோசர் முட்டைகள் என்று பரபரப்பானவையும் அம்மோனைட் சார்ந்த பாறை உருண்டைகள்தான் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள்.

ஊர் பொய்யாகிவிட்டால் அசல் புதைபடிவத்துக்கும் மதிப்பில்லை. இமயமலையில் எடுத்ததாகப் பல ஆண்டுகள் ஆய்விதழ்களில் வெளியான புதைபடிவங்களில் சில மொராக்கோ நாட்டுச் சரக்கோடு பிரித்தறிய முடியாதவையாக இருந்தன. ஆஸ்திரேலியப் புவியியலாளர் ஜான் டேலண்ட் இதை 1989-ல் வெளிப்படுத்தினார். கல் அசல், முகவரி போலி. நாட்டின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஊர், பாறை அடுக்கு, உயிரினத்தின் பேரினப் பெயர் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சீனாவும் பிரேசிலும் புதைபடிவ ஏற்றுமதிக்குக் கடும் சட்டம் வைத்திருக்கின்றன. பிரேசிலில் 1942 முதலே அவை அரசின் சொத்து. "பிரேசில் அசல், கடையில் பத்து இருக்கிறது" என்பவரிடம் சட்டச் சிக்கலும் சேர்ந்தே வரும்.

இரண்டாம் படி: கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். கள்ள நோட்டுப் பார்க்கும் மலிவு டார்ச்சில் ஊதா வெளிச்சமே கண்ணைக் கூசி, பொருளின் ஒளிர்வை மறைத்துவிடும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, தையல் நூல், அகலமான பாத்திரம். காது குடையும் பஞ்சுக்குச்சி, அசிட்டோன் (வண்ணமில்லாத நகப்பூச்சு நீக்கியும் ஆகும், பாட்டிலில் அசிட்டோன் என்று போட்டிருக்க வேண்டும்), வெள்ளை வினிகர், தையல் ஊசி, ஒரு பத்து ரூபாய் நாணயம். நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். படம் எடுக்கும்போது அளவுகோலாகப் பயன்படும்.

மூன்றாம் படி: லென்ஸ்

கண்ணுக்கு அருகில் லென்ஸை வைத்து, பொருளை நெருக்கிக் கொண்டுவாருங்கள். வெயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழட்டும். முதலில் அடிப்பக்கம், பிறகு ஓரம், கடைசியில் முகம். விற்பவர் பொருளின் முகத்தைத்தான் காட்டுவார். வேலை தெரிவது அடியிலும் ஓரத்திலும்தான்.

முதலில் தேட வேண்டியது குமிழித் துளை. ரெசினும் (பிளாஸ்டிக் போல இறுகும் செயற்கைப் பிசின்) பிளாஸ்டரும் அச்சில் ஊற்றும்போது காற்று சிக்கும். ஊசிமுனையளவு, விளிம்பு வழவழப்பான வட்டத் துளைகள் அங்கங்கே தெரியும். பாறையின் இயற்கைத் துளைகள் ஒழுங்கற்றவை, உள்ளே மண்ணோ படிகமோ அடைந்திருக்கும்.

அடுத்து, உயிரினமும் தாய்ப்பாறையும் சேரும் கோடு. அசலில் ஓட்டின் நிறமும் அமைப்பும் வேறு, பாறையின் நிறமும் அமைப்பும் வேறு. வார்ப்பில் இரண்டும் ஒரே பொருள். மேலே பூசிய வண்ணம் மட்டும் மாறும். கோட்டை ஒட்டி வேறு நிறத்தில் மாவு போன்ற நிரப்பல் வளையம் இருந்தால், குழி வெட்டி எதையோ பதித்திருக்கிறார்கள்.

ட்ரைலோபைட்டை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். சந்தையில் மிகுதியாக வார்க்கப்படுவது அதுதான். மொராக்கோவில் பாறையைச் சுத்தியலால் உடைத்து, உள்ளே தெரியும் ட்ரைலோபைட்டின் குறுக்குவெட்டைப் பார்த்து, உடைந்த துண்டுகளை மறுபடி ஒட்டி, பிறகு மேல்பாறையை நுண்கருவியால் களைவார்கள். ஆகவே அசலில் ஒரு வெடிப்புக்கோடு பாறையிலும் உடம்பிலும் ஒரே நேராக ஓடுவது நல்ல அடையாளம். வெடிப்பே இல்லாமல், மூளி இல்லாமல், இடதும் வலதும் அச்சுப் பிசகாமல், விலையும் மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபேகாப்ஸ் வகையின் கண்ணைப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு வில்லையும் தனித்தனி மணியாக, வரிசை பிசகாமல் நிற்கும். வார்ப்பில் அவை கரைந்த மெழுகு போல மழுங்கிக் கிடக்கும்.

அம்மோனைட்டில் சுருளின் அகலத்தை அளந்து பாருங்கள். உள்ளிருந்து வெளியே வர வர, ஒவ்வொரு சுற்றும் ஒரே விகிதத்தில் அகலமாகிக்கொண்டே போகும். கையால் செதுக்கியவரோ தனக்குத் தெரிந்த சுருளைத்தான் செதுக்குவார்; அது கொசுவத்திச் சுருள் போல முழுக்க ஒரே அகலத்தில் வரும். டாக்டிலியோசெரஸ் போன்ற சில வகைகளில் அகலம் மெதுவாகத்தான் கூடும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உள்வார்ப்பாக இருந்தால், ஓட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர் ஓட்டைத் தொட்ட இடத்தில் இலைவிளிம்பு போல நெளிநெளியான கோடுகள் தெரியும். அவ்வளவு நுணுக்கத்தைச் செதுக்குவது கடினம்.

நான்காம் படி: கன்னமும் காதும்

கல் குளிர்ச்சியாக இருக்கும், ரெசின் சீக்கிரம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அக்கினி நட்சத்திரத்தில் நடைபாதையில் கிடந்த கல்லை வைத்துப் பார்த்துப் பயனில்லை. நிழலில் அரைமணி நேரம் இருந்த பிறகே இந்தச் சோதனை. பிறகு நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். கல் கணீரென்று ஒலிக்கும், ரெசினும் பிளாஸ்டரும் டொக்கென்று அடங்கும்.

ஐந்தாம் படி: தராசு

சொல்பவர் பேச்சை மீறி எண்ணால் பதில் கிடைக்கும் ஒரே வீட்டுச் சோதனை இது. பொருளை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருளை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாதபடி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் பொருள் விலக்கிய தண்ணீரின் அளவு. உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

உலர் எடை 162 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 60 கிராம் என்றால் அடர்த்தி 2.7. சுண்ணாம்புப் பாறைக்கு அது சரியான எண். அதே 162 கிராமுக்குத் தராசு 95 காட்டினால் 1.7, கல்தூள் கலந்த ரெசினின் எண் அது. வெறும் ரெசின் 1.1 முதல் 1.2 வரை இருக்கும். குவார்ட்சாக மாறிய கல்மரம் 2.6-ஐ ஒட்டி வரும்.

தவறு நேரும் இடங்களும் உண்டு. பொருள் அடியைத் தொட்டால் எண் கூடி, அடர்த்தி குறைவாகத் தெரியும். ஒட்டிய காற்றுக்குமிழியும் அப்படியே ஏமாற்றும். விரலால் தடவி விடுங்கள். நொறுங்கும் களிப்பாறையையும், பொன்போல மின்னும் பைரைட் அம்மோனைட்டையும் தண்ணீரில் போடாதீர்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: அசல் பாறையில் சிறிய போலி ட்ரைலோபைட்டை ஒட்டியிருந்தால், பாறையின் எடையே மேலோங்கி அடர்த்தி சரியாக வந்துவிடும். முழு வார்ப்பைத்தான் தராசு பிடிக்கும். ஒட்டுவேலையைப் பிடிக்க டார்ச் வேண்டும்.

ஆறாம் படி: ஊதா ஒளி, அசிட்டோன், ஊசி

இருட்டறையில் ஊதா டார்ச்சை அடியுங்கள். பசையும் ரெசினும் பெரும்பாலும் நீலவெள்ளையாக ஒளிரும். கால்சைட்டும் சில பற்களும் தாமாகவே ஒளிரக்கூடியவை என்பதால், ஒளிர்வைக் கண்டதும் பதற வேண்டாம். ஒளிர்வு எங்கே சட்டென்று நிற்கிறது என்று பாருங்கள். பல்லின் பாதியில் நேர்க்கோடாக நின்றால், அங்கேதான் ஒட்டு.

அசிட்டோன் போடும் முன் விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். சன்னலைத் திறந்து, அடுப்பும் தீக்குச்சியும் இல்லாத இடத்தில், நனைத்த பஞ்சுக்குச்சியால் அடிப்பக்க மூலையில் பத்து முறை தேயுங்கள். பஞ்சில் பழுப்போ கருப்போ ஏறினால் வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஒட்டும் தன்மை மட்டும் வந்தால் அவசரப்படாதீர்கள். நொறுங்காமல் இருக்க முறையாகப் பூசும் பாதுகாப்புப் பூச்சும் அசிட்டோனில் இளகும்.

ஊசியைக் கடைசியாக, அசிட்டோன் முழுதும் ஆவியாகி, பாட்டிலையும் வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகு எடுங்கள். ஊசிமுனையைச் சிவக்கக் காய்ச்சி, வெளியே தெரியாத இடத்தில் ஒரு கணம் தொடுங்கள். பிளாஸ்டிக் கருகிய நெடி வந்தால் ரெசின். முடி கருகிய நெடி வந்தால் அது அண்மைக்காலத்து மாட்டெலும்பு, டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றியது. கல்லாகிப்போன எலும்பில் வாடை வராது.

நகத்தால் கீறினால் தடம் விழுவது பிளாஸ்டர். வினிகருக்கு நுரைப்பது சுண்ணாம்புப் பாறை என்பது சரிதான்; ஆனால் அதே பாறையை அரைத்துப் பசையில் குழைத்து வார்த்தாலும் கீறிய இடம் நுரைக்கும். நுரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

பொருளுக்குப் பொருள் வரும் தந்திரங்கள்

மொராக்கோ பாஸ்பேட் சுரங்கத்திலிருந்து வரும் மோசசார் (அழிந்துபோன பெரிய கடல் ஊர்வன) பற்கள் அசலாகவே நிறையக் கிடைக்கின்றன. தாடைதான் போலி: மணலைப் பசையில் குழைத்துத் தாடை வடிவம் செய்து, அசல் பற்களை நட்டுவிடுவார்கள். பற்கள் வரிசையாக, ஒரே இடைவெளியில், பக்கத்துப் பல்லோடு அளவு பொருந்தாமல் நிற்கும். "எலும்பை" லென்ஸில் பார்த்தால் மணல்மணிதான் தெரியும், எலும்பின் நுண்துளை இருக்காது.

மீன் பதிவுகளில் பாதி அசல், பாதி தூரிகை. எலும்புக்கு ஒரு தடிமனும் மினுமினுப்பும் இருக்கும். வண்ணமோ பாறைத் துளைக்குள் இறங்கி மட்டமாகக் கிடக்கும்.

ஆம்பருக்கு உப்புத்தண்ணீர். 250 மில்லி தண்ணீரில் 50 கிராம் உப்பை முழுதும் கரையுங்கள். ஆம்பர் நல்ல தண்ணீரில் மூழ்கி, உப்புத்தண்ணீரில் மிதக்கும். கண்ணாடியும் பேக்கலைட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கும் இரண்டிலும் மூழ்கும். சில பிளாஸ்டிக்கும், வயது குறைந்த பிசினான கோபலும் ஆம்பரைப் போலவே மிதக்கும் என்பதால் அங்கே நின்றுவிடாதீர்கள். அடியில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு அரை நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் அது ஆம்பர் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தேளோ ஓணானோ நட்டநடுவில் அழகாகக் கால் விரித்துக் கிடந்தால் வார்ப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசல் ஆம்பரில் பெரும்பாலும் சிறு கொசு, ஈ, எறும்பு; கால் மடங்கி, இறகு கசங்கி, ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

முட்டையில், அசல் ஓட்டுச் சில்லுகளை மண் உருண்டையின் மேல் மொசைக் போல ஒட்டி விற்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துச் சில்லுகளின் விளிம்பு ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். சில்லுகளுக்கு இடையே பசை ஒளிர்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

கல்மரத்துக்கு, பழைய சோடா பாட்டிலின் அடியில் கல்மரத்தின் விளிம்பால் கீறிப் பாருங்கள். குவார்ட்சாக மாறியது கண்ணாடியைக் கீறும். மரவரி போலப் பட்டை பட்டையாக இருக்கும் ஓனிக்ஸ் மார்பிள் கீறாது, வினிகருக்கு நுரைக்கும். வளையம் இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம். வெப்பநாட்டு மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. குறுக்குவெட்டில் நுண்துளைகள் தெரிந்தால் போதும்.

சாளக்கிராமம்

சோளிங்கர் பக்கத்து வைணவ வீடுகளில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்களிப்பாறை உருண்டை இது; உள்ளே இருக்கும் சக்கரம் ஜுராசிக் காலத்து அம்மோனைட் விட்டுப்போன பதிவு. இதற்கு விலை பேசக்கூடாது என்பது நம்பிக்கை. அந்தப் பக்தியைத்தான் போலி விற்பவர் முதலாக்கிக்கொள்கிறார். "காணிக்கை" என்று ஒரு தொகை சொல்வார். வாங்குபவரும் சோதித்துப் பார்ப்பது அபசாரம் என்று தயங்கிவிடுவார்.

அபசாரம் இல்லாமலே சோதிக்கலாம். தினமும் திருமஞ்சனம் ஆகும் மூர்த்திக்குத் தண்ணீர் புதிதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை கழுவுங்கள். ஒட்டிய கோட்டை மறைப்பது அந்த எண்ணெய்தான். கழுவிய தண்ணீர் கருத்தால் சாயம். பிறகு வாய்ப்பகுதிக்குள் லென்ஸால் பாருங்கள்: அசல் சக்கரத்தில் குறுக்கு வரிகள் சுருளோடு சேர்ந்தே வளைந்து, உள்ளே போகப் போகச் சிறுத்து, பாறைக்குள் மறையும். செதுக்கியதில் உளித்தடம் இணைகோடுகளாகத் தெரியும், பள்ளம் எங்கும் ஒரே ஆழத்தில் இருக்கும். தராசுச் சோதனையில் 2.6-க்குக் கீழே வெகுவாக இறங்கினால் ரெசின் அல்லது சிமென்ட். உள்ளே பைரைட் இருந்தால் 2.8-ஐத் தாண்டவும் கூடும், அது குறையில்லை.

தங்கத்தை உரசினால் கோடு விழுகிறது என்று காட்டுவார்கள். நெருங்கிய மணிகொண்ட எந்தக் கருங்கல்லிலும் தங்கக் கோடு விழும், உரைகல் வேறென்ன? அரிசியில் வைத்தால் எடை கூடும் என்பார்கள்; அதை வைத்தும் அசலையும் போலியையும் பிரிக்க முடியாது. சக்கரம் இல்லாத, வெறும் துளை மட்டுமுள்ள சாளக்கிராமங்களும் உண்டு என்பதால், சக்கரம் காணோம் என்று வீட்டில் தலைமுறையாக இருப்பதைச் சந்தேகிக்க வேண்டாம். ஊசியும் அசிட்டோனும் இதற்குத் தேவையில்லை.

இணையத்தில் வாங்கும்போது

அடிப்பக்கம், நான்கு ஓரம், உடைந்த பகுதி ஆகியவற்றின் படங்களைப் பத்து ரூபாய் நாணயத்தோடு கேளுங்கள். வெயிலில் திருப்பித் திருப்பி எடுத்த ஒரு வீடியோவும், ஊதா ஒளியில் ஒரு படமும் கேளுங்கள். விளம்பரப் படத்தைப் படத் தேடலில் போடுங்கள். அதே வெடிப்பு, அதே மூளி, அதே இடத்தில் இன்னொரு "அசலில்" தென்பட்டால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. "எத்தனை சதவீதம் பழுது பார்த்தது?" என்று எழுத்தில் கேளுங்கள். பழுது பார்ப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் மோசடி. நேர்மையான விற்பனையாளர் "இடது பக்கம் இரண்டு விலா மறுவார்ப்பு" என்று தயங்காமல் சொல்வார். பளபளக்கும் அட்டையில் அச்சடித்த 'அசல் சான்றிதழ்' விற்பவரே தயாரித்ததாக இருந்தால் அதற்கு எடைக்கடை மதிப்புதான்.

ரொக்கமாகத் தராதீர்கள், யுபிஐ அல்லது வங்கி வழியே கொடுத்து, ரசீதில் பேரினப் பெயர், ஊர், "அசல்" என்ற சொல் மூன்றும் இருக்கும்படி வாங்குங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். போலி என்று தெரிந்தால் முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விலை பெரிதாக இருந்து சந்தேகமும் தீரவில்லை என்றால், பணம் கொடுக்கும் முன்பே படங்களோடும் தராசுக் கணக்கோடும் சென்னை கிண்டியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக நிலவியல் (ஜியாலஜி) துறை போன்ற இடத்தில் விசாரியுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் கூடத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். அசலின் நிறமும் மங்கலும் மூளியும் கண்ணில் பதிந்துவிட்டால், அடுத்த கடையில் லென்ஸை எடுக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும்.